தானாக முளைத்தது என்று சொன்னேன்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம். 'உடல்நலக் குறைவு' என்று ஆசிரியர் கட்டம் கட்டிப் போட்டுவிட்டார். அதைப் பார்த்த உறையூர் நண்பர் ஒருவர் சாத்துக்குடியும் கையுமாக வந்து, காய்ச்சலா, வயிற்றுக் கோளாறா என்று விசாரித்தார். நான் இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தேன்.

எனக்குக் காய்ச்சலும் இல்லை, கோளாறும் இல்லை. வெட்கம். பேனாவை எடுத்தாலே கூசியது. வெட்கமாக இருக்கிறது, ஒரு வாரம் லீவு கொடுங்கள் என்று எந்த ஆசிரியரிடம் போய்க் கேட்பது? அவர் எனக்காக ஒரு பொய் சொன்னார். நான் சாத்துக்குடியை உரித்துச் சாப்பிட்டேன்.

இந்த வாரம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் வீட்டில் என்னோடு பேச ஆளில்லை என்ற நிலைமை வேறு.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வாசல் தோட்டம் தெரியும். நான்கு வாரம் அதைப் பற்றியே எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்தவன் நான். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துப் பக்கம், ஊர் முடிகிற இடத்தில், ஒரே கட்டடத்தில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நானும் என் மனைவியும். அடுத்ததில் ராமலிங்கம், அவர் மனைவி, மகள் வசந்தா. ராமலிங்கம் ரயில்வேயில் குமாஸ்தா. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. வசந்தா கோட்டைப் பக்கம் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். இரண்டு போர்ஷனுக்கும் பொதுவாக வாசலில் ஒரு காலி இடம், ஒரு மரக் கேட்.

அந்த இடத்தில் முதலில் நான் வளர்க்கப் பார்த்தது இங்கிலீஷ் பூக்கள். பெங்களூரிலிருந்து பாக்கெட் பாக்கெட்டாக விதை வரவழைத்தேன். பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்த பூ அழகாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒரு பூவை நான் பார்க்கவில்லை. சித்திரை வெயில் வந்ததும் எல்லாம் சருகாகிவிட்டது. நாலைந்து குரோட்டன்ஸ் மட்டும் பரீட்சையில் தப்பித்த பையன்கள் மாதிரி நின்றன.

அந்த வருஷம் மழை முடிந்து ஒரு காலையில் கொள்ளிடக் கரையில் நடந்து கொண்டிருந்தேன். கரை முழுக்கத் தும்பை. ஊடே ஊடே நீலமாக விஷ்ணுகிரந்தி. வேலியில் சங்குப்பூ. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அது பாட்டுக்குப் பூத்துக் கிடந்தது. இதை விட்டுவிட்டா நான் பெங்களூருக்கு மணியார்டர் அனுப்பினேன்? அன்றைக்கே முடிவு செய்தேன்... என் வாசலில் இனி காட்டுப் பூதான்.

காட்டுப் பூவை வீட்டில் வளர்ப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். தும்பைச் செடியை வேரோடு பிடுங்கி வந்து நட்டேன். சாயங்காலமே தலை தொங்கிவிட்டது. மறுபடி பிடுங்கினேன், மறுபடி தொங்கியது. வசந்தாதான் பார்த்துவிட்டுச் சொன்னாள். "மாமா, செடியைத் தூக்கிட்டு வந்தா வராது. காஞ்ச தலையா பார்த்து ஒடிச்சுக்கிட்டு வாங்க. மழைக்கு முன்னாடி உதிர்த்து விடுவோம்."

அப்படியே செய்தோம். எரு போட்டது நான் செய்த அடுத்த தப்பு. தும்பை இடுப்பு உயரம் வளர்ந்தது, இலை இலையாகத் தள்ளியது, பூவைத்தான் காணோம். வசதி அதிகமானால் அது பூக்காது போலிருக்கிறது. மேல் மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு ஆற்று மணலைக் கொட்டிக் கலந்தோம். மருங்காபுரிப் பக்கம் வசந்தாவின் அத்தை வீடு இருக்கிறது. அங்கே தரிசு முழுக்க ஆவாரை. லீவுக்குப் போய் வந்தவள் கைக்குட்டையில் முடிந்து விதை கொண்டு வந்தாள். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. சும்மா போட்டால் மண்ணுக்குள்ளேயே தூங்கும். அதைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, ஒரு ராத்திரி ஊற வைத்துப் போட வேண்டும். தேய்த்தவள் வசந்தா. தேய்ந்துவிட்டதா என்று கண்ணாடி போட்டுக் கொண்டு பார்த்தவன் நான்.

ஐப்பசி மழையில் முளைத்தது. எது தும்பை, எது கோரை என்று எனக்குத் தெரியவில்லை. தும்பைக் கன்றுகளைக் களை என்று பிடுங்கிவிட்டு, கோரைக்கு பக்தியோடு தண்ணீர் ஊற்றிக் கொண்டிருந்தேன். வசந்தா ஸ்கூலிலிருந்து வந்து பார்த்து, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக் கொண்டாள். என் மனைவிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. "ஊரெல்லாம் ஆள் வச்சு களை புடுங்கறாங்க. நீங்க குடத்தைத் தூக்கிட்டுப் போய் அதுக்கு ஊத்தறீங்க" என்றாள்.

ஒரு தடவை யாரோ வழிப்போக்கர் கேட்டுக்கு வெளியே நின்று தோட்டத்தைப் பார்த்துவிட்டு, "வீடு காலியாத்தான் இருக்குங்களா, வாடகைக்கு வருமா?" என்று என்னிடமே கேட்டார். அதையும் இந்தப் பத்தியில் எழுதினேன். நீங்கள் ரசித்ததாகச் சொன்னீர்கள்.

அடுத்த வருஷம் மழைக்குப் பிறகு பாருங்கள்... வாசல் முழுக்க வெள்ளையும் நீலமும், ஓரத்தில் ஆவாரையின் மஞ்சளும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த உற்சாகத்தில்தான் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் எருக்கையும் வைத்தேன். வெள்ளெருக்கு என்றாலாவது வேரில் பிள்ளையார் செய்யலாம் என்று ஒரு மரியாதை உண்டு. நான் வைத்தது ஊரில் எல்லாக் குட்டிச்சுவரிலும் நிற்கிற சாதாரண ஊதா எருக்கு.

எருக்கு முளைத்த வாசல் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? குடித்தனம் அழிந்த வீடு. கோபத்தில் மண்ணை வாரித் தூற்றுகிறவர்கள், 'உன் வாசலில் எருக்கு முளைக்க' என்றுதான் சபிப்பார்கள். அதனால்தான் வைத்தேன். வைத்ததோடு நின்றேனா? இதே பக்கத்தில் முழங்கினேன். 'சதுர்த்திக்குப் பிள்ளையார் கழுத்தில் போட்டால் மாலை, நம் வாசலில் நின்றால் சாபமா? தைரியமாக வையுங்கள். யாராவது கேட்டால் நான்தான் வைத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள்' என்று எழுதினேன். நன்றாக இருந்தது என்று எனக்கே ஒரு நினைப்பு.

உங்களுக்கு என் புனைபெயர் தெரியும். என் தெருவுக்கு என் சொந்தப் பெயர் தெரியும். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்தவர்கள் சொற்பம். அந்த வசதியில்தான் இத்தனை வருஷமாக நான் தைரியசாலியாகக் காலம் தள்ளியிருக்கிறேன்.

தை பிறந்தது. ஒரு நாள் சாயங்காலம் ராமலிங்கம் எங்கள் போர்ஷனுக்கு வந்தார். உட்காரவில்லை.

"வர்ற வெள்ளிக்கிழமை வசந்தாவைப் பார்க்க வர்றாங்க. திருவானைக்காவல்ல இருந்து. நல்ல இடம். நீங்க கூட இருக்கணும். எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்றதுக்கு நீங்கதான் சரி."

"நிக்கிறேன். அதுக்கென்ன" என்றேன்.

போகும்போது அவர் பார்வை எருக்கின் மேல் ஒரு விநாடி நின்றது. வசந்தாவுக்கு அதற்கு முன் வந்த இடங்கள் கூடி வராமல் போயிருந்தன. அவளுக்கு வயது ஏறிக் கொண்டிருக்கிறது என்று தெருவில் பேச்சு இருந்தது. அவர் அந்த எருக்கை வெட்டச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். அவர் கேட்கிற ரகம் இல்லை.

என் மனைவி கேட்டாள். "ஏங்க, அந்த ஒரு செடியை மட்டும் எடுத்துடுங்களேன். அப்புறம் ஆயிரம் வச்சுக்கலாம்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அரிவாளை எடுத்துக் கொண்டு போனேன். வசந்தா துணி உலர்த்திக் கொண்டிருந்தாள்.

"எதுக்கு மாமா வெட்டறீங்க?"

"வெள்ளிக்கிழமை வர்றாங்களேம்மா. ஏதாவது சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும். நீங்கதானே எழுதினீங்க, தைரியமா வைங்கன்னு. இப்பத்தான் மொட்டு விட்டிருக்கு. இருக்கட்டும் மாமா."

அரிவாளைத் திரும்பக் கொண்டு போய் வைத்தேன். நான் எழுதியதை ஒருத்தி எனக்கே திருப்பிச் சொல்கிறாள் என்றால் சும்மாவா? அன்றைக்கு ராத்திரி சாப்பாடு கூட ஒரு பிடி அதிகமாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைப் பையன், அவன் அப்பா, அம்மா, அப்பாவுக்கு அண்ணன். அந்த அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர் என்பது இறங்கிய தினுசிலேயே தெரிந்தது. சரிகை அங்கவஸ்திரம், கையில் குடை. மாப்பிள்ளையின் அப்பா அண்ணனுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தார். நான் கேட்டைத் திறந்து, "வாங்க, வாங்க" என்றேன்.

பெரியவர் உள்ளே வரவில்லை. குடையை நீட்டி எருக்கைக் காட்டினார்.

"வாசல்லயே எருக்கா? குடித்தனம் நடக்கிற வீடுதானே இது?"

அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா வந்து எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட, கொஞ்சம் கனத்த உடம்பு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்கள்.

"இதையெல்லாம் யாருங்க வச்சது?"

நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. குடையைத்தான் பார்த்தேன். ராமலிங்கம் எனக்குப் பின்னால் கையைக் கட்டிக் கொண்டு நிற்பது தெரிந்தது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"யாரும் வைக்கலீங்க. தானா முளைச்சது. மழைக்காலத்துல கவனிக்காம விட்டுட்டோம். நாளைக்கே ஆளை விட்டு வெட்டிடறோம்."

சொன்னதோடு விட்டேனா? அதற்கு அத்தாட்சி போல எருக்கின் ஒரு கிளையைப் பிடித்து ஒடித்துத் தூர எறிந்தேன். பால் கையெல்லாம் வடிந்தது. துண்டில் துடைத்துக் கொண்டு, "வாங்க, உள்ள வாங்க" என்றேன். பெரியவர் உள்ளே வந்தார்.

இது வரைக்கும் நடந்ததை நான் எப்படியாவது நியாயப்படுத்தியிருப்பேன். பெண் விஷயம், நாலு பேர் வந்த இடம், ராமலிங்கத்துக்காகச் சொன்னேன் என்று சொல்லிக் கொண்டிருப்பேன். உள்ளே நடந்ததற்கு என்னிடம் அந்தச் சமாதானமும் இல்லை.

வசந்தா காபி கொண்டு வந்து கொடுத்தாள், நமஸ்காரம் செய்தாள், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். அந்த அம்மா பிரியமாகத்தான் பேசினார்கள். ஸ்கூல் எங்கே, பஸ் கிடைக்கிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல என்னம்மா பண்ணுவே?" என்றார்கள்.

"அம்மாவுக்குக் கூடமாட செய்வேங்க. அப்புறம் தோட்ட வேலைங்க."

"எந்தத் தோட்டம்?"

"வாசல்ல இருக்கே, அதுதாங்க. பக்கத்து மாமாவும் நானும் விதை போட்டு வளர்த்தது."

வாசலில் நான் என்ன சொன்னேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் சமையலறையில் இருந்தாள். பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வசந்தாவும் பார்த்தாள். மாமா இப்போது சொல்லுவார் என்ற பார்வை அது.

ஆமாங்க, நான்தான் வைத்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த வசனம்... என் வாய்க்கு வரவில்லை. நான் சிரித்தேன். சிரித்துக் கொண்டே, "சின்னப் பொண்ணு... ஏதோ விளையாட்டா ஒண்ணு ரெண்டு விதை போட்டிருப்பா" என்றேன்.

"பெரியவங்க ஒண்ணு சொல்றாங்க, பொண்ணு ஒண்ணு சொல்லுது" என்றார் பெரியவர். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. காபி டம்ளரைப் பார்த்துச் சொன்னார்.

வசந்தா என் மேலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தாள். கலந்து பேசிட்டுச் சொல்றோம் என்று எழுந்தார்கள். கலந்து பேசுவது என்றால் என்ன என்று பெண்ணைப் பெற்ற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் போன பிறகு ராமலிங்கம் என்னிடம் வந்து, "உங்களுக்குத்தான் சிரமம். ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு நின்னீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டுவதற்கு என் வீட்டிலேயே ஆள் இருந்தது என்பது வேறு விஷயம். "ஊருக்கு மட்டும் நாலு வாரம் உபதேசம்" என்றாள் என் மனைவி. அதற்கு மேல் அவள் பேசவில்லை. தட்டு மட்டும் வந்தது.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். ராமலிங்கம் வீட்டில் பேசியது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"பையனுக்கு இஷ்டம்தான். பெரியவர்தான் இடிக்கிறார். பொண்ணு நாலு பேர் முன்னாடி கூசாம பொய் சொல்லுது, பெரியவங்களை எதிர்த்துப் பேசுதுங்கறார். இந்தப் பேச்சு வெளியில பரவினா அடுத்த இடம் பார்க்கறதும் கஷ்டம்ங்க."

பொய் சொன்னவன் நான். பொய்க்காரி என்ற பெயர் அவளுக்கு. அவள் அன்று சாயங்காலமும் வழக்கம் போல வாளியோடு வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். நான் ஜன்னலில் நின்றேன். 'நீங்க ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க' என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்வதற்கு ஏதேதோ யோசித்தும் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அதுதான் அந்த வாரம் நான் எழுதாததற்குக் காரணம். அந்தப் பெண் குனிந்து தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக் கொண்டே எதைப் பற்றி எழுதுவது?

மறுநாள் டவுன் பஸ் பிடித்துத் திருவானைக்காவல் போனேன். பக்கத்து ஊர்தான். நடந்தே போகலாம். நடந்தால் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது.

பெரியவர் சாய்வு நாற்காலியில் இருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்று கொண்டே சொன்னேன்.

"அன்னிக்குப் பொண்ணு சொன்னது நிஜம்ங்க. அந்தச் செடியெல்லாம் வச்சது நான். வசந்தா கூட இருந்து வளர்த்தா. பயந்துட்டு நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொண்ணு வீட்ல அனுப்பிச்சாங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

"அன்னிக்குச் செடி தானா வந்துச்சு. இன்னிக்கு நீங்க தானா வந்திருக்கீங்க" என்றார்.

ஒரு தடவை பொய் சொன்னவன் இரண்டாவது தடவை உண்மை சொல்கிறான் என்று யார் நம்புவார்கள்? அத்தாட்சி கேட்டால் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. "இதைப் பத்தி நான் பத்திரிகையில நாலு வாரம் எழுதியிருக்கேங்க" என்று சொல்லி, பத்திரிகைப் பெயரையும் என் புனைபெயரையும் சொன்னேன்.

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றார்கள்.

"நீங்களா அவரு?"

சந்தோஷமாகக் கேட்கவில்லை. எப்போதாவது என்னை அடையாளம் தெரிந்து கொள்ளும் வாசகர்கள் கேட்கிற மாதிரி கேட்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொல்லைப் பக்கம் வாங்க" என்றார்கள்.

போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செங்கல்லால் வட்டம் கட்டி, நடுவில் ஓர் எருக்கு. ஓட்டை வாளி ஒன்றில் தும்பை. சுவரோரம் கயிறு கட்டிச் சங்குப்பூவை ஏற்றி விட்டிருந்தார்கள்.

"உங்க எழுத்தைப் படிச்சுட்டுத்தாங்க வச்சேன். பெரியவங்க ஒரே சத்தம். வீட்டுக்கு ஆகாது, வெட்டுன்னாங்க. பையனோட அப்பா தன் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேச மாட்டாங்க. நான் கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து பெரியவங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லைங்க. இந்தச் செடிக்குப் பேசினேன். பெரிய மனுஷர் ஒருத்தர் வாசல்லயே வச்சிருக்கார், யார் கேட்டாலும் நான்தான் வச்சேன்னு சொல்றாராம், அவருக்கு என்ன ஆயிடுச்சுன்னு கேட்டேன். அப்புறம்தான் விட்டாங்க."

எருக்கின் மேல் ஒட்டியிருந்த சோப்பு நுரையை அந்த அம்மா விரலால் துடைத்துவிட்டார்கள்.

"அன்னிக்கு உங்க வாசலைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷங்க. நம்மளை மாதிரியே படிச்சுட்டு இன்னொரு வீட்லயும் வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். அதான் யாரு வச்சதுன்னு கேட்டேன். நீங்க யாரும் வைக்கலைன்னு சொல்லிக் கிளையை ஒடிச்சு எறிஞ்சீங்க. வண்டியில வர்ற வழியெல்லாம் பெரியவங்க சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. எருக்கை வச்சுக்கிட்டு ஒத்துக்கற மனுஷன் உலகத்துல இல்லை, உன் எழுத்தாளன் கதை விடறான்னாங்க. நாளைக்கு இதை வெட்ட ஆள் வருது."

எனக்குத் தலை நிமிரவில்லை. நான் பத்தி எழுத ஆரம்பித்து எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள், சிலர் திட்டியும் இருக்கிறார்கள். என் எழுத்தை நம்பி ஒரு பெண்மணி தன் வீட்டில் வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்திருக்கிறார்கள். அவர்களை அந்தப் பெரியவர் முன்னால் தலைகுனிய வைத்தது நான். அவர்கள் கேட்ட கேள்விக்கு நிஜத்தைச் சொல்லியிருந்தால் வசந்தாவும் தப்பித்திருப்பாள், இவர்களும் தப்பித்திருப்பார்கள். செடியைப் பற்றி நல்லது சொல்ல வந்தவர்களிடம் பயந்து கொண்டு பொய் சொன்ன ஆள் ஊரில் என்னைத் தவிர யார் இருக்க முடியும்? "மன்னிச்சுக்குங்க" என்றேன். வாரா வாரம் பக்கத்தை நிரப்புகிறவனுக்கு அன்று அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது.

பெரியவர் எங்கள் பின்னாலேயே வந்து கொல்லைக் கதவோரம் நின்றிருந்தார்.

"எழுதறப்ப ஒரு பேச்சு, வாசல்ல நிக்கறப்ப ஒரு பேச்சு. இந்த ஆளை நம்பியா நீ இந்த வீட்ல எருக்கு வச்சே?" என்றார்.

எனக்குக் காது சுட்டது. அவர் சொன்னதில் எந்த இடத்தில் நான் தகராறு செய்வது?

அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக் கொண்டார்கள். "இவரை நம்பித்தாங்க வச்சேன். தப்புதான்" என்றார்கள். எருக்கின் பக்கம் திரும்பி, "இனிமே அந்தப் பொண்ணை நம்பி வச்சுக்கறேன். நாளைக்கு ஆள் வர வேண்டாங்க" என்றார்கள்.

பெரியவர் குடையை எடுத்துக் கொண்டு வெளியே போய்விட்டார். நானும் கிளம்பினேன். ஒரு டம்ளர் மோர் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அதைக் குடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ராமலிங்கத்திடம் சொன்னேன். வசந்தாவும் நிலைப்படியில் நின்று கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முந்தாநாள் தரகர் வந்தார். பெரியவர் இறங்கி வந்துவிட்டாராம். வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்களாம். ராமலிங்கம் வீட்டில் விளக்கேற்றினார்கள். என் மனைவி அங்கே போய்ப் பாயசம் வைத்தாள். இந்தச் சந்தடியில் வசந்தா மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அவளைக் கேட்க வேண்டும் என்று அவள் அப்பாவுக்குத் தோன்றியதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசிச்சுச் சொல்றேம்ப்பா என்றாளாம்.

சாயங்காலம் வாளியை எடுத்துக் கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். நானும் என் மனைவியும் வாசலில் நின்றிருந்தோம். அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தாள்.

"மாமா, அந்த அம்மா வீட்ல எருக்கு நிஜமாவே இருக்கா? நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

நீங்க கண்ணால பார்த்தீங்களா... அப்படிக் கேட்கிற உரிமையை நான்தானே அவளுக்குக் கொடுத்தேன்?

"பார்த்தேம்மா. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல."

"அந்தப் பெரியவரும் அதே வீட்லதான் இருக்காரா?"

"அதே வீட்லதான்."

வாளியில் இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப அப்பாகிட்ட சம்மதம்னு சொல்லிடுங்க மாமா. பாவம் அந்த அம்மா, அங்கே தனியா நின்னு பேசிக்கிட்டிருக்காங்க."

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். மூடிக் கொண்டேன்.